மனுகாவில் நின்று அளக்கும் தரம்: இணையச் சேவைகளைக் கோக்கும் செயற்கை நுண்ணறிவு

ஒரு மென்பொருள் தன்னிடம் இல்லாத தகவலையோ தன்னால் செய்ய இயலாத வேலையையோ இணையத்தின் வழியே இன்னொரு மென்பொருளிடம் கேட்டுப் பெறுவதற்கென, கேள்வியின் வடிவமும் பதிலின் வடிவமும் முன்கூட்டியே வரையறுக்கப்பட்டு அமைந்திருக்கும் வாயிலே இணையச் சேவை எனப்படுகிறது. ஒரு முகவரியைக் கொடுத்தால் அதன் அட்சரேகை, தீர்க்கரேகைகளைத் திருப்பித் தருவது ஒரு சேவை. ஒரு பேருந்து நிறுத்தத்தின் எண்ணைக் கொடுத்தால் அடுத்த பேருந்து எத்தனை நிமிடத்தில் வரும் என்று சொல்வது இன்னொன்று. வங்கி அட்டையின் விவரத்தைக் கொடுத்தால் பணம் பெற்றுத் தருவது மற்றொன்று. கைப்பேசியில் ஒரே செயலியாகத் தோன்றுவது பெரும்பாலும் இத்தகைய சேவைகள் பலவற்றின் கோவையே ஆகும். அக்கோவையில் எந்த வேலைக்கு எந்தச் சேவையை அமர்த்துவது, எதன் பின் எதை அழைப்பது, எவற்றை ஒரே நேரத்தில் அழைப்பது என்று முடிவு செய்யும் பணிக்குச் சேவைத் தொகுப்பு என்று பெயர். அந்த முடிவை விரைவு, கட்டணம், நம்பகத்தன்மை முதலியவற்றை எடைபோட்டுக் கணினியே எடுக்கும்படி செய்வது கடந்த இருபதாண்டுகளுக்கு மேலாகச் செயற்கை நுண்ணறிவு ஆய்வின் ஒரு கிளையாக வளர்ந்து வந்திருக்கிறது.

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரத் தென்பகுதியிலுள்ள மனுகாவ் இந்தச் சிக்கலை விளக்குவதற்கு ஏற்ற இடமாகும். 2012 ஏப்ரலில் அங்கு ஒரு ரயில் நிலையம் திறக்கப்பட்டது; அந்நிலையத்தின் மேலேயே மனுகாவ் தொழில்நுட்பக் கல்வி நிலையத்தின் வளாகம் 2014-இல் எழுந்தது; 2018-இல் பக்கத்திலேயே பேருந்து நிலையமும் வந்து சேர்ந்தது. மனுகாவிலிருந்து விமான நிலையத்துக்குச் செல்ல விரும்பும் ஒருவர் ஏர்போர்ட்லிங்க் பேருந்தில் நேரே செல்லலாம், அல்லது ரயிலில் ஒரே ஒரு நிறுத்தம் தள்ளியுள்ள புஹினுயிக்குச் சென்று, 2021-இல் புதுப்பித்துத் திறக்கப்பட்ட அந்த இணைப்பு நிலையத்தில் அதே பேருந்தைப் பிடிக்கலாம். இவ்விரண்டில் இந்த நிமிடத்தில் எது நல்லது என்று சொல்லும் செயலி ஒன்றை எழுதப் புகுந்தால், முகவரியை இடமாக மாற்றும் சேவை, கால அட்டவணையையும் வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கும் இடத்தையும் தரும் சேவை, வானிலைச் சேவை, கட்டணம் பெறும் சேவை என்று குறைந்தது நான்கு தேவைப்படும். ஆக்லாந்து டிரான்ஸ்போர்ட் அமைப்பு தன் அட்டவணைகளையும் வண்டிகளின் நேரலை நிலையையும், அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரப் போக்குவரத்து நிறுவனமும் கூகுளும் 2005 வாக்கில் சேர்ந்து உருவாக்கி இன்று உலகெங்கும் பரவிவிட்ட ஜிடிஎஃப்எஸ் என்னும் பொதுத் தரவு வடிவத்தில் மென்பொருளாளர்களுக்கு வழங்கி வருகிறது. முகவரியைத் தேடவும், வானிலையைக் கேட்கவும், பணம் பெறவும் உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் பல நிறுவனங்கள் போட்டியிடுகின்றன. ஒரே வேலையைச் செய்யப் பலர் முன்வரும்போதுதான் யாரைத் தேர்வது என்ற கேள்வி எழுகிறது.

அப்படிப் பலர் முன்வருவார்கள் என்பது இத்துறை தோன்றிய நாளிலேயே எதிர்பார்க்கப்பட்டது. 2000-ஆம் ஆண்டை ஒட்டி, செய்திகளைப் பொதியும் சோப், சேவையின் வடிவத்தை விவரிக்கும் டபிள்யூஎஸ்டிஎல், சேவைகளைப் பதிந்து தேடும் யூடிடிஐ என்னும் மூன்று தரநிலைகள் அடுத்தடுத்து வந்தபோது, உலகத்துச் சேவைகளெல்லாம் ஒரே பதிவேட்டில் இடம்பெறும், மென்பொருள்கள் தாமே அதைப் புரட்டித் தமக்கு வேண்டியதைப் பொறுக்கிக்கொள்ளும் என்று நம்பப்பட்டது. அந்த நம்பிக்கை அவ்வடிவில் நிறைவேறவில்லை. ஐபிஎம், மைக்ரோசாஃப்ட், எஸ்ஏபி ஆகிய நிறுவனங்கள் நடத்தி வந்த பொதுப் பதிவேடு 2006 ஜனவரியில் மூடப்பட்டது. ராய் ஃபீல்டிங் 2000-இல் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டில் வகுத்த, எளிமையான ரெஸ்ட் என்னும் கட்டமைப்பு முறையே பின்னர் பெருவழக்காயிற்று. பதிவேடு மறைந்தாலும் அது எழுப்பிய கேள்வி மறையவில்லை. சேவைகள் இன்று முன்னெப்போதையும்விடப் பெருகிக் கிடக்கின்றன.

சேவையின் தரம் என்றால் என்ன என்பதைக் கணக்குக்கு உட்படும் வகையில் வரையறுத்த முன்னோடி ஆய்வுகளுள் ஒன்று, லியாங்ஜாவ் ஜெங், சிட்னியில் பணியாற்றிய பூலெம் பெனத்தல்லா முதலியோர் 2003-லும் விரிவான வடிவில் 2004-லும் வெளியிட்டதாகும். ஒரு சேவையின் கட்டணம், அது பதிலளிக்க எடுத்துக்கொள்ளும் நேரம், பயனர்களிடம் அதற்குள்ள நற்பெயர், அழைப்புகளில் எத்தனை பங்கு வெற்றிகரமாக நிறைவேறுகிறது என்னும் நம்பகத்தன்மை, அழைக்கும்போது அது இயங்கும் நிலையில் இருப்பதற்கான வாய்ப்பாகிய கிடைப்புநிலை ஆகிய ஐந்தையும் அவர்கள் அளவைகளாகக் கொண்டனர். சேவை என்ன செய்கிறது என்பது வேறு, அதை எவ்வளவு நன்றாகச் செய்கிறது என்பது வேறு என்ற பிரிப்பு இங்கு தெளிவாகிறது. தேர்வை முடிவு செய்வது இரண்டாவதே.

தனிச் சேவையின் தரத்தைச் சொல்வது எளிது. கோவையின் தரத்தைச் சொல்வதில்தான் நுட்பம் இருக்கிறது, ஏனெனில் ஒவ்வோர் அளவையும் கோவைக்குள் ஒவ்வொரு விதமாகக் கூடுகிறது. கட்டணங்கள் அனைத்தையும் கூட்டினால் போதும். கிடைப்புநிலைகளை ஒன்றோடொன்று பெருக்க வேண்டும். மனுகாவ் செயலியின் நான்கு சேவைகளும் தனித்தனியே 99 விழுக்காடு நேரம் இயங்குவதாகவும், ஒன்றின் பழுது மற்றொன்றைச் சாராததாகவும் வைத்துக்கொண்டால், நான்கும் ஒருசேர இயங்கும் வாய்ப்பு ஏறத்தாழ 96 விழுக்காடாகக் குறைந்துவிடுகிறது. ஆண்டுக் கணக்கில் பார்த்தால், தனிச் சேவை சுமார் 88 மணி நேரம் முடங்கும் இடத்தில் கோவை ஏறத்தாழ 345 மணி நேரம், அதாவது பதினான்கு நாட்களுக்கு மேல் முடங்கும். எந்த ஒரு நிறுவனமும் தவறு செய்யாமலேயே, கோத்த காரணத்தினாலேயே, தரம் இவ்வாறு சரிகிறது.

நேரத்தின் கணக்கு இன்னும் கவனிக்கத்தக்கது. மனுகாவ் செயலி முதலில் முகவரிச் சேவையை அழைக்கிறது என்றும், இடம் தெரிந்தவுடன் பேருந்துச் சேவையையும் வானிலைச் சேவையையும் ஒரே நேரத்தில் அழைக்கிறது என்றும், இரண்டும் வந்து சேர்ந்த பின் கட்டணச் சேவையை அழைக்கிறது என்றும் கொள்ளலாம். எடுத்துக்காட்டுக்காக இவற்றுக்கு முறையே 120, 300, 200, 400 மில்லி விநாடிகள் ஆகின்றன எனக் கொண்டால், மொத்த நேரம் நான்கின் கூட்டுத்தொகை ஆகாது. ஒருங்கே நடக்கும் இரண்டில் நீண்டதை மட்டும் எடுத்துக்கொண்டு, 120-உடன் 300-ஐயும் 400-ஐயும் கூட்டினால் வரும் 820 மில்லி விநாடிகளே மொத்தமாகும். இப்போது கூடுதல் பணம் கொடுத்து, 200-க்குப் பதிலாக 50 மில்லி விநாடியில் பதில் தரும் வானிலைச் சேவையை அமர்த்தினாலும் மொத்தம் 820-ஆகவே நிற்கும். பந்தியில் சோறு எவ்வளவு விரைவில் வந்தாலும் சாம்பார் வாளி வரும்வரை இலை முன் காத்திருக்கத்தான் வேண்டும். பேருந்துச் சேவையை 300-லிருந்து 180-க்குக் குறைத்தால் 120 மில்லி விநாடி மிச்சமாகும் என்று தோன்றும், ஆனால் அப்போது 200 எடுக்கும் வானிலைச் சேவையே பின்தங்கியதாகி விடுவதால் 100 மட்டுமே மிஞ்சும். ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியே ஆகச் சிறந்ததைத் தேர்ந்துகொண்டே போவது ஆகச் சிறந்த கோவையைத் தராது என்பதை இந்தச் சிறு கணக்கே காட்டிவிடுகிறது. ஒரு சேவையின் மதிப்பு அதன் பக்கத்தில் எது நிற்கிறது என்பதைப் பொறுத்து மாறுகிறது. ஆகவே முழுக் கோவையையும் ஒருசேரப் பார்த்தாக வேண்டும்.

முழுக் கோவையையும் பார்ப்பதென்றால் எத்தனை கோவைகளைப் பார்ப்பது என்ற கேள்வி உடனே எழும். ஐந்து வேலைகளுக்கு ஒவ்வொன்றிலும் பத்துச் சேவைகள் போட்டியிட்டால் ஒரு லட்சம் கோவைகள் அமையும். கணினிக்கு அது பொருட்டே இல்லை. பத்து வேலைகளுக்கு ஒவ்வொன்றிலும் ஐம்பது சேவைகள் இருந்தால், எண்ணிக்கை ஒன்றை அடுத்துப் பதினேழு சுழியங்கள் இடத்தக்க அளவை நெருங்குகிறது. விநாடிக்கு நூறு கோடி கோவைகளைச் சோதிக்கும் கணினியும் அவற்றை முடிக்க மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஓட வேண்டும், அதற்குள் சேவைகளின் கட்டணமும் வேகமும் பலமுறை மாறிவிட்டிருக்கும். உள்ளீடு பெரிதாகும்போது தீர்க்கும் நேரம் கட்டுக்கடங்காமல் பெருகும், எப்போதும் விரைவாகத் தீர்க்கும் வழி எதுவும் அறியப்படாத சிக்கல்களின் வரிசையில் இதுவும் சேர்ந்தது. செயற்கை நுண்ணறிவு இங்கு அழைக்கப்பட்டதற்கு இதுவே காரணமாகும்.

ஜெங் குழுவினர் முழுஎண் நிரலாக்கம் என்னும் கணித முறையைக் கையாண்டனர். ஒவ்வொரு சேவையும் தேர்வானால் ஒன்று, இல்லையேல் சுழியம் என்று குறித்துக்கொண்டு, பயனரின் வரம்புகளைச் சமன்பாடுகளாக எழுதி, அவற்றை மீறாமல் அதிக மதிப்பெண் பெறும் தேர்வைக் கண்டுபிடிப்பது அம்முறை. அதில் எல்லாம் நேர்கோட்டுச் சமன்பாடுகளாக இருக்க வேண்டும் என்பதால், பெருக்கலாக வரும் கிடைப்புநிலையை மடக்கை எடுத்துக் கூட்டலாக மாற்றிக்கொண்டனர். முறை துல்லியமானது, ஆனால் சேவைகள் பெருகப் பெருகத் தடுமாறுவது. இத்தாலியில் ஜெரார்டோ கன்ஃபோரா, மாசிமிலியானோ டி பென்டா முதலியோர் 2005-இல் இதற்கு மரபணு அல்காரிதத்தைப் பயன்படுத்திக் காட்டினர். ஜான் ஹாலண்ட் 1975-இல் வெளியிட்ட நூலால் புகழ்பெற்ற இம்முறை, உயிரினங்களின் பரிணாமத்தைப் பின்பற்றித் தீர்வுகளை வளர்த்தெடுக்கும் படிமுறையாகும்.

அது இயங்கும் விதத்தை மனுகாவ் செயலியை வைத்தே பார்க்கலாம். நான்கு வேலைகளுக்கும் போட்டியிடும் சேவைகளுக்கு வரிசை எண்கள் கொடுத்துவிட்டால், ஒரு முழுக் கோவையை 7, 2, 31, 12 என்ற நான்கு எண்களாக எழுதிவிடலாம். முகவரிக்கு ஏழாம் சேவை, பேருந்துக்கு இரண்டாம் சேவை என்று அதற்குப் பொருள். இதுவே அக்கோவையின் மரபணுத் தொடர். முதலில் இப்படிச் சில நூறு தொடர்கள் குருட்டாம்போக்கில் உருவாக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் மேற்சொன்ன கூட்டல், பெருக்கல் விதிகளின்படி தரம் கணிக்கப்படுகிறது. தரம் மிக்கவை பெற்றோராகத் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. 7, 2, 31, 12 என்பதும் 4, 19, 5, 40 என்பதும் பெற்றோரானால், நடுவில் வெட்டி மாற்றி ஒட்டி 7, 2, 5, 40 என்றும் 4, 19, 31, 12 என்றும் இரு பிள்ளைகள் பெறப்படுகின்றன. அவ்வப்போது ஓர் எண் தற்செயலாக மாற்றப்படுகிறது. இந்தத் திடீர் மாற்றம் இல்லாவிட்டால், தொடக்கத்தில் இடம்பெறத் தவறிய ஒரு நல்ல சேவை கடைசிவரை உள்ளே நுழையவே முடியாது. மொத்தக் கட்டணம் இத்தனை காசைத் தாண்டக்கூடாது என்பது போன்ற வரம்பை மீறும் கோவை உடனே கொல்லப்படுவதில்லை. மீறிய அளவுக்கு மதிப்பெண் குறைக்கப்படுகிறது, ஏனெனில் வரம்பைச் சற்றே தாண்டிய கோவையின் பாதியில் ஒரு நல்ல சேர்க்கை ஒளிந்திருக்கக்கூடும். தலைமுறைகள் கடக்கக் கடக்கத் தரம் உயர்கிறது. கிடைப்பது ஆகச் சிறந்த கோவை என்ற உறுதி இல்லை, எனினும் மிக நல்ல கோவை ஏற்கத்தக்க நேரத்துக்குள் கிடைத்துவிடுகிறது. போட்டியிடும் சேவைகள் குறைவாக இருக்கும்போது முழுஎண் நிரலாக்கமே முந்துகிறது, அவை பெருகும்போது மரபணு முறை முந்துகிறது என்பது கன்ஃபோரா குழுவினரின் முடிவு. கூட்டல் விதிகள் நேர்கோட்டில் அமைய வேண்டும் என்ற கட்டுப்பாடும் இம்முறைக்கு இல்லை.

இதுவரை சொன்னதில் வேலைகளின் வரிசை முன்பே தெரியும் என்று கொள்ளப்பட்டது. அந்த வரிசையையும் கணினியே கண்டுபிடிக்க வேண்டுமென்றால் சிக்கல் இன்னொரு படி உயர்கிறது. நியூசிலாந்தின் தலைநகரிலுள்ள வெலிங்டன் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் ஹுயி மா, மெங்ஜி ஜாங், காங் சென், அலெக்சாண்டர் சாவ்சுக் த சில்வா, சென் வாங் முதலியோர் ஆராய்ந்து வந்திருப்பது இந்த முழுத் தானியக்கத் தொகுப்பையே ஆகும். தொடக்கத்தில் கையிலிருப்பது முகவரி, இறுதியில் வேண்டுவது பயணச்சீட்டு என்று மட்டும் சொல்லிவிட்டால், ஒவ்வொரு சேவையும் எதை வாங்கிக்கொண்டு எதைத் தருகிறது என்பதைப் பார்த்து, இடைப்பட்ட வலைப்பின்னலைக் கணினி தானே நெய்ய வேண்டும். நெய்த வலைப்பின்னல்களை அப்படியே வெட்டி ஒட்டினால் உள்ளீடு கிடைக்காத சேவைகள் நடுவில் தொங்கி நின்று கோவை இயங்காமல் போய்விடும். ஆகவே அவர்கள் கையாண்ட முறைகளுள் ஒன்று மறைமுகமானது: சேவைகளின் முன்னுரிமை வரிசை மட்டும் மரபணுவாக வைக்கப்படுகிறது, அவ்வரிசையில் முன்னால் நிற்கும் சேவைக்கு முதல் வாய்ப்புக் கொடுத்து, தேவையான உள்ளீடு கிடைக்கும்போது மட்டும் அதைச் சேர்த்துக்கொண்டே போகும் ஒரு தனிப் படிமுறை வலைப்பின்னலைக் கட்டுகிறது. வரிசையை எப்படிக் கலைத்துப் போட்டாலும் கட்டப்படும் கோவை இயங்கக்கூடியதாகவே இருக்கிறது. கடினமான வடிவத்தைப் பரிணாமத்துக்குள் நேராகத் திணிக்காமல், எளிதில் கலையக்கூடிய ஒன்றை மட்டும் பரிணாமத்தின் கையில் கொடுத்த இந்த யோசனை இத்துறையின் அழகான யோசனைகளுள் ஒன்று.

தரத்தின் பல அளவைகள் ஒன்றோடொன்று முரண்படுவதும் உண்டு. விரைவானது விலை மிகுந்ததாகவும், மலிவானது அடிக்கடி முடங்குவதாகவும் இருக்கும். எல்லாவற்றையும் சுழியத்துக்கும் ஒன்றுக்கும் இடைப்பட்ட மதிப்புகளாக மாற்றி, ஒவ்வொன்றுக்கும் ஒரு முக்கியத்துவ எடை கொடுத்துக் கூட்டி ஒரே எண்ணாக்குவது பழைய வழி. எடைகளை முன்கூட்டிச் சொல்ல இயலாத இடங்களில், ஓர் அளவையில் மேம்பட வேண்டுமானால் இன்னொன்றில் இழந்தே ஆக வேண்டும் என்ற நிலையிலுள்ள கோவைகள் அனைத்தையும் ஒரு பட்டியலாகத் தந்து தேர்வை மனிதரிடம் விட்டுவிடுவது மற்றொரு வழி. இவ்வழியில் உலகெங்கும் கையாளப்படும் என்எஸ்ஜிஏ-2 என்னும் அல்காரிதம் கான்பூர் ஐஐடியில் உருவானது. கல்யாண்மய் தேப், அம்ரித் பிரதாப், சமீர் அகர்வால், மெய்யறிவன் ஆகியோர் அதை விளக்கி எழுதிய கட்டுரை 2002-இல் வெளியாயிற்று.

அல்காரிதங்கள் எவ்வளவு நுட்பமானவையாயினும் அவற்றுக்குள் இடப்படும் எண்கள் எங்கிருந்து வருகின்றன என்ற கேள்வியே இறுதியில் தரத்தை முடிவு செய்கிறது. ஒரு சேவை 200 மில்லி விநாடியில் பதில் தருகிறது என்று அதன் நிறுவனம் அறிவித்தால், அது யார் நின்ற இடத்திலிருந்து அளந்த 200 என்று கேட்டாக வேண்டும். நியூசிலாந்தில் இக்கேள்விக்கு மற்ற நாடுகளைவிடக் கூர்மை அதிகம். ஒளியிழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. ஆக்லாந்திலிருந்து சிட்னி நேர்த்தொலைவில் சுமார் 2,160 கிலோமீட்டர். ஆகவே கேள்வி சென்று பதில் திரும்பக் குறைந்தது 22 மில்லி விநாடி ஆகும். லாஸ் ஏஞ்சலஸ் சுமார் 10,500 கிலோமீட்டர். அங்குச் சென்று திரும்ப 105 மில்லி விநாடி ஆகும். கடலடிக் கம்பிகள் நேர்கோட்டில் செல்வதில்லை என்பதால் உண்மை நேரம் இதைவிடக் கூடுதலே. பாதுகாப்பான ஓர் இணைப்பைப் புதிதாக ஏற்படுத்தி ஒரு கேள்விக்குப் பதில் பெறுவதற்கு இன்றைய நெறிமுறைகளிலும் பொதுவாக மூன்று முறை போய்வர வேண்டியிருக்கிறது. அப்படியானால் அமெரிக்கக் கரையிலுள்ள கணினி ஒரு நொடிப்பொழுதும் யோசிக்காமல் பதில் சொன்னாலும், மனுகாவிலுள்ள கைப்பேசிக்கு 300 மில்லி விநாடிகளுக்கு மேல் வழியிலேயே கழிந்துவிடுகிறது. கலிஃபோர்னியாவில் நின்று அளந்தவருக்கு மிக விரைவாகத் தெரிந்த சேவை மனுகாவில் மந்தமாகிறது. இரண்டு அளவும் மெய்யானவை. தரம் என்பது சேவையிடம் மட்டும் குடியிருப்பதில்லை, சேவைக்கும் பயனருக்கும் இடைப்பட்ட வழியிலும் அது இருக்கிறது.

2000 நவம்பரில் செயல்படத் தொடங்கிய சதர்ன் கிராஸ் கடலடிக் கம்பித் தொகுதி, ஆக்லாந்தின் தாக்கபுனா, வெனுவபாய் ஆகிய இரு இடங்களில் கரையேறி நியூசிலாந்தை ஆஸ்திரேலியாவோடும் அமெரிக்காவோடும் இணைத்தது. பிற கம்பிகளும் பின்னர் வந்தன. திறன் பெருகியது, ஆனால் தொலைவு குறையவில்லை. தொலைவின் பிடியைத் தளர்த்துவது சேவையையே பக்கத்தில் கொண்டுவருவதுதான். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் நியூசிலாந்துத் தரவு மையத் தொகுதியை 2024 டிசம்பரிலும், அமேசான் நிறுவனம் தன்னுடையதை 2025 செப்டம்பரிலும் ஆக்லாந்து வட்டாரத்தில் திறந்தன. சிட்னியிலிருந்து இயங்கிய ஒரு சேவை ஆக்லாந்துக்கு இடம் மாறும்போது அதன் நிரலில் ஓர் எழுத்துகூட மாறாமலேயே மனுகாவில் அதன் தரம் மாறிவிடுகிறது. நேற்று மிகச் சிறந்ததாக இருந்த கோவை இன்று அப்படி இராது என்பதால், தொகுப்பை ஒருமுறை செய்து முடித்துவிடாமல் அளவீடுகள் மாறும்போதெல்லாம் மீண்டும் செய்ய வேண்டியிருக்கிறது.

எல்லா இடங்களிலிருந்தும் எல்லாச் சேவைகளையும் ஒருவர் அளந்துவிட முடியுமா என்றால் முடியாது. அளக்காத இடத்தை அளந்த இடங்களைக் கொண்டு ஊகிப்பதில் இயந்திரக் கற்றல் உதவுகிறது. ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகத்தில் ஜிபின் ஜெங், மைக்கேல் லியூ முதலியோர் டபிள்யூஎஸ்-ட்ரீம் என்ற பெயரில் வெளியிட்ட தரவுத் தொகுப்பில், 30 நாடுகளிலுள்ள 339 கணினிகள் 73 நாடுகளிலுள்ள 5,825 சேவைகளை அழைத்துப் பெற்ற பதிலளிப்பு நேரங்கள் பதிவாகியுள்ளன. இதை 339 வரிசைகளும் 5,825 பத்திகளும் கொண்ட ஒரு பெரிய அட்டவணையாக எண்ணலாம். மெய்யான வாழ்வில் இவ்வட்டவணையின் பெரும்பகுதி காலியாகவே இருக்கும். முன்பு பல சேவைகளில் ஒத்த அனுபவம் பெற்ற இரு பயனர்கள் புதிய சேவையிலும் ஒத்த அனுபவமே பெறக்கூடும் என்ற எண்ணத்தின் அடிப்படையில், திரைப்படங்களைப் பரிந்துரைக்கும் தளங்கள் செய்வது போலவே, காலி இடங்கள் நிரப்பப்படுகின்றன. அண்டைப் பகுதியில் ஒரே வலையமைப்பில் உள்ளவர்களுக்கு அனுபவம் பெரிதும் ஒத்துப்போகும் என்பதால், இருப்பிடத்தையும் சேர்த்துக்கொள்ளும் முறைகள் பின்னர் வளர்ந்தன.

தொலைவைக் கோவையின் உள்ளேயும் கணக்கிட வேண்டும் என்பதை வெலிங்டன் குழுவினரே வலியுறுத்தினர். சொஹைலா சடேகிராம், ஹுயி மா, காங் சென் ஆகியோர் 2018-இல் வெளியிட்ட ஆய்வு, பெருமளவு தரவைக் கையாளும் சேவைகள் பல இடங்களில் சிதறிக் கிடக்கும்போது, ஒன்றன் விடை அடுத்ததைச் சென்றடைய ஆகும் நேரத்தையும் செலவையும் தரத்தின் பகுதியாகவே எடுத்துக்கொண்டு, அருகருகே உள்ள சேவைகளைக் கூட்டமாகக் கண்டு மரபணு அல்காரிதத்தை வழிநடத்தியது. தனியே பார்த்தால் சற்று மெதுவான இரு சேவைகள் ஒரே தரவு மையத்தில் இருந்தால், இரு கண்டங்களில் இருக்கும் இரண்டு விரைவான சேவைகளை அவை சேர்ந்து வென்றுவிடக்கூடும். இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. ஒரு சேவை பழுதானால் மற்றொன்றுக்கு மாறிக்கொள்ளலாம் என்று 99 விழுக்காட்டுக் கிடைப்புநிலையுள்ள இரண்டை மாற்றாக வைத்தால், கணக்குப்படி கிடைப்புநிலை 99.99 விழுக்காடாக உயரும். ஆனால் அந்தப் பெருக்கல் இரண்டும் தனித்தனியே பழுதாகும் என்ற அனுமானத்தின்மேல் நிற்கிறது. இரண்டும் ஒரே கட்டடத்தில் ஒரே மின்வழியில் இயங்கினால் ஒன்றாகவே விழும். அருகாமை விரைவைத் தருகிறது, தொலைவு பாதுகாப்பைத் தருகிறது. இன்னும் உறக்கத்திலுள்ள எரிமலைப் புலத்தின் மேல் அமைந்த ஆக்லாந்து போன்ற நகரில், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் குவிக்கும் கோவையை, அல்காரிதம் எவ்வளவு உயர்ந்த மதிப்பெண் கொடுத்தாலும், ஏற்பதற்குமுன் இருமுறை எண்ண வேண்டும்.

எந்த எண்ணைத் தரமாகக் கொள்வது என்பதிலும் ஒரு நியாயம் அடங்கியிருக்கிறது. பெரும்பாலான அறிக்கைகள் சராசரி நேரத்தைச் சொல்கின்றன. நூறு அழைப்புகளில் தொண்ணூற்றைந்து 200 மில்லி விநாடியிலும் எஞ்சிய ஐந்து 6 விநாடியிலும் முடிந்தால் சராசரி அரை விநாடிக்குச் சற்றே குறைவாக, கண்ணுக்கு இனிமையாகவே இருக்கும். அந்த ஐந்தில் மாட்டிக்கொண்டவர் பேருந்தைத் தவறவிட்டிருப்பார். பழைய கைப்பேசியோ வலுவற்ற இணைப்போ வைத்திருப்பவர்களே அந்த ஐந்தில் மீண்டும் மீண்டும் விழுகிறார்கள். அதனால் சராசரியோடு, தொண்ணூற்றொன்பது விழுக்காட்டு அழைப்புகள் எந்த நேரத்துக்குள் பதில் பெறுகின்றன என்ற அளவையும் வரம்பாக வைப்பது நேர்மையான வழியாகும். மரபணு அல்காரிதம் எந்த வரம்பைக் கொடுத்தாலும் அதற்கேற்ற கோவையை வளர்த்துத் தரும்; கொடுக்காத வரம்பை அது தானாக மதிக்காது.

மொழியைக் கையாளும் பெரும் மாதிரிகள் வந்தபின் இத்துறை புதிய கட்டத்துள் நுழைந்திருக்கிறது. பயனர் தம் தேவையைச் சாதாரண வாக்கியத்தில் சொன்னால் அதற்கேற்ற சேவைகளைத் தேடி அழைக்கும்படி அம்மாதிரிகளைப் பயிற்றும் முயற்சிகளுள், சீனாவின் சிங்ஹுவா பல்கலைக்கழகத்தவர் முன்னின்று 2023-இல் வெளியிட்ட டூல்எல்எல்எம் 16,000-க்கும் மேற்பட்ட மெய்யான சேவைகளைக் கையாண்டது. இருபதாண்டுகளுக்கு முன் சேவைகளின் பொருளைக் கணினிக்குப் புரியவைக்க ஒவ்வொன்றுக்கும் கையால் விளக்கக் குறிப்பு எழுத வேண்டியிருந்த பெருஞ்சுமையை இம்மாதிரிகள் வெகுவாகக் குறைத்துள்ளன. எனினும் எந்தச் சேவை இவ்வேலையைச் செய்யும் என்று கண்டுபிடிப்பதும், அவற்றுள் எந்தச் சேர்க்கை இவ்விடத்தில் இன்று சிறந்தது என்று கணக்கிடுவதும் வெவ்வேறு வேலைகள். முன்னதை மொழி மாதிரியிடமும் பின்னதை மேலே விளக்கிய தேடல் முறைகளிடமும் ஒப்படைப்பதே இன்றைய நிலையில் பொருத்தமானது, ஏனெனில் பின்னதற்குச் சரளமான சொல் உதவாது, அளந்த எண் வேண்டும்.

2010 நவம்பர் 1 அன்று மனுகாவ் நகரவை உட்பட எட்டு உள்ளாட்சி அமைப்புகள் கலைக்கப்பட்டு ஒரே ஆக்லாந்து நகரவை உருவானது முதல், மனுகாவ் மக்களுக்கான பொதுச் சேவைகள் பலவும் நகரம் முழுமைக்குமாகவே திட்டமிடப்படுகின்றன. நகரம் முழுமைக்குமான சராசரியில் ஒரு புறநகரின் அனுபவம் கரைந்துபோவது எளிது. ஆகவே இத்தகைய சேவைகளைக் கோத்து மக்களுக்குத் தரும் ஒவ்வோர் அமைப்பும், தான் அழைக்கும் சேவைகளின் பதிலளிப்பு நேரத்தையும் முடக்க நேரத்தையும், தன் அலுவலகத்தின் விரைவான இணைப்பிலிருந்து மட்டுமன்றி, மனுகாவ் பேருந்து நிலையத்தில் நிற்கும் ஒருவரின் சாதாரணக் கைப்பேசியிலிருந்தும் தொடர்ந்து அளந்து, அந்த அளவீடுகளைப் பொதுவில் வெளியிட வேண்டும். வெலிங்டனிலும் பிற இடங்களிலும் உருவாகியிருக்கும் முறைகள் அந்த எண்களைப் பெற்றுக்கொள்ள ஆயத்தமாகவே இருக்கின்றன.